செக்மெத்தின் சீற்றமும் சிவப்பு பீரும்: ஒரு சிங்கமுகத் தெய்வத்தை எகிப்து எப்படித் தணித்தது?

எகிப்துக்குப் போகாமலேயே செக்மெத்தைப் பார்த்துவிடலாம். லண்டன், பாரிஸ், பெர்லின், நியூயார்க் என்று எந்தப் பெரிய அருங்காட்சியகத்தின் எகிப்தியக் கூடத்துக்குள் நுழைந்தாலும் பெண்ணுடலும் சிங்கமுகமுமாக ஒரு கருங்கல் சிலை எதிர்ப்படும். பல இடங்களில் ஒன்றுக்கு நாலாக. இத்தாலியின் டூரினில் மட்டும் 21 சிலைகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே அரசனின் உத்தரவில் செதுக்கப்பட்டவை. கி.மு. 1390 வாக்கில் பட்டமேறி ஏறக்குறைய 38 ஆண்டுகள் ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப் அவன்.

எத்தனை செய்யச் சொன்னான் என்பதற்கு அரசாங்கக் கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. பிரெஞ்சு ஆய்வாளர் ழான் யோயோத் 1980இல் ஒரு கணிப்பை முன்வைத்தார்: ஆண்டின் 365 நாட்களுக்கு நாளுக்கு இரண்டு வீதம், உட்கார்ந்த கோலத்தில் ஒன்று, நின்ற கோலத்தில் ஒன்று, மொத்தம் 730. சிலைகளின் பீடத்தில் அரசனின் பெயருக்குப் பக்கத்தில் தெய்வத்தின் பெயரும் ஒரு பட்டமும் செதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டம் சிலைக்குச் சிலை மாறும். இன்ன ஊரின் செக்மெத், இன்ன குணத்தின் செக்மெத் என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தால் கோயிலில் சொல்லும் நாமாவளி போலவே இருக்கும். கல்லில் நிறுத்திவைத்த நாமாவளி என்று யோயோத் இதைப் பார்த்தார். 730 என்ற எண்ணை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை, ஆனால் நாமாவளி என்ற கருத்து நிலைத்துவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. பெயர் ஒவ்வொன்றையும் சொல்லி செக்மெத்தை அமைதிப்படுத்தும் சடங்கு எகிப்தியக் கோயில்களில் உண்மையாகவே நடந்தது, அதன் வாசகங்கள் பிற்காலக் கோயில் சுவர்களில் எழுத்தாகவே கிடைக்கின்றன.

ஏன் அமென்ஹோதெப்புக்கு இது தேவைப்பட்டது? அவன் காலத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கலாம் என்கிறார்கள் சிலர். பட்டமேறிய முப்பதாம் ஆண்டில் கொண்டாடும் ஆட்சிப் புதுப்பிப்பு விழாவுக்காக என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. செக்மெத்தின் புராணத்தையும் வழிபாட்டையும் ஊன்றிப் பார்த்தால், நோயும் புதுப்பிப்பும் எகிப்தியர் மனத்தில் ஒரே விஷயத்தின் இரு முகங்கள்தான்.

ஆண்டுக்கு வெளியே கிடந்த ஐந்து நாட்கள்

எகிப்தின் நாட்காட்டி எளிமையானது. வெள்ளக்காலம், விதைப்பும் வளர்ச்சியும், அறுவடை என்று மூன்று பருவம். பருவத்துக்கு நான்கு மாதம், மாதத்துக்கு 30 நாள். கூட்டினால் 360. மிச்சமுள்ள ஐந்து நாளை எந்த மாதத்திலும் சேர்க்காமல் ஆண்டின் கடைசியில் தனியாக ஒட்டவைத்தார்கள். ஒசைரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெஃப்திஸ் ஆகிய ஐவரும் முறையே இந்த ஐந்து நாட்களில் பிறந்தவர்கள் என்பது ஐதீகம்.

பிறந்தநாள் என்றால் கொண்டாட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டிலேயே ஆபத்தான நாட்கள் இவைதான். பழைய ஆண்டு முடிந்துவிட்டது, புதியது பிறக்கவில்லை, உலகத்துக்குக் காவல் இல்லை. அந்த இடைவெளியில் செக்மெத் தன் ஏவலாட்களை நாடெங்கும் அனுப்புகிறாள். தூதர்கள், கொலையாளிகள், திரிவோர் என்று அவர்களுக்குப் பல பெயர். வாயிலிருந்து அம்பெய்பவர்கள், தூரத்திலிருந்தே பார்ப்பவர்கள் என்று மந்திர நூல்கள் அவர்களை வர்ணிக்கின்றன. அவளுடைய ஏழு அம்புகளுக்கும் தனி அச்சம் இருந்தது. இவர்கள் கொண்டுவருவதற்கு ‘ஆண்டின் கொள்ளைநோய்’ என்றே பெயர்.

இந்த அச்சத்துக்குப் பருவத்தில் ஆதாரம் உண்டு. ஜூலை நடுவில், ஏறத்தாழ எழுபது நாள் கண்ணில் படாமலிருந்த சிரியஸ் விண்மீன் விடியலுக்குச் சற்று முன் கிழக்கே மறுபடி தோன்றும். அதையொட்டி நைல் பெருகத் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் ஆறு ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து கிடக்கும். குடிக்கவும் குளிக்கவும் தேங்கிய தண்ணீர், உச்ச வெயில், அதன்பின் வெள்ளம் வந்து வயலெல்லாம் நீர் நின்றால் கொசு. வெள்ளம் முதலில் வரும்போது எத்தியோப்பிய மலைகளின் வண்டலைச் சுமந்து செம்பழுப்பாக வரும். 1960களில் அஸ்வான் உயர் அணை வெள்ளத்தைத் தடுக்கும்வரை ஆண்டுதோறும் எகிப்தியர் கண்ட நிறம் அது. சிவந்த நீர் நிலத்தில் பரவுவதும் நாடு பிழைப்பதும் அடுத்தடுத்து நடந்த ஒரு நாட்டில், கீழே வரும் கதை பிறந்ததில் வியப்பில்லை.

கதை உண்மையில் சொல்வது

இந்தப் புராணத்தை இணையத்தில் படித்தவர்கள் ஏராளம், மூலத்தில் இருப்பது அதிலிருந்து கொஞ்சம் வேறு. ‘வானப் பசுவின் நூல்’ என்று இன்று அழைக்கப்படும் இந்த நூலின் ஒரு பகுதி துதன்காமுனின் கல்லறையில், அவன் உடலைச் சுற்றியிருந்த பொன்தகடு போர்த்திய மரக்கூடுகளில் வெளிப்புறக் கூட்டில் இருந்தது. முதலாம் சேத்தி, இரண்டாம் ராம்சேஸ், மூன்றாம் ராம்சேஸ் ஆகியோரின் கல்லறைகளில் இன்னும் நீண்ட வடிவம் இருக்கிறது. எல்லாமே அரச கல்லறைகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சூரியதேவன் ராவுக்கு வயதாகிவிட்டது. எலும்பு வெள்ளியாக, தசை பொன்னாக, தலைமுடி அசல் நீலக்கல்லாக ஆகிவிட்டது. மனிதர்கள் அவனுக்கு எதிராகச் சதி பேசுகிறார்கள். ரா தன் கண்ணையும் (அது தனியே இயங்கும் ஒரு பெண்சக்தி), ஷூ, தெஃப்னுத், கெப், நூத் ஆகியோரையும், ஆதிநீரான நூனையும் வரவழைக்கிறான். மனிதர்கள் பார்த்துவிட்டால் ஓடிவிடுவார்கள், ரகசியமாக வாருங்கள் என்கிறான். உன் கண்ணை அனுப்பு என்று தேவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். கண் இறங்கிப் போகிறது, காதலும் களிப்பும் தரும் தெய்வமான ஹாத்தோராக. பாலைவனத்துக்கு ஓடியவர்களை வெட்டிவிட்டுத் திரும்பி வந்து, மனிதரை அடக்கியது என் நெஞ்சுக்கு இனிப்பாக இருந்தது என்கிறாள். ‘செக்மெத் உண்டானாள்’ என்ற குறிப்பு அந்த இடத்தில்தான் வருகிறது. ரா செக்மெத்தை அனுப்பினான் என்று சொல்லும் மறுகூறல்கள் இதைத் தட்டையாக்கிவிடுகின்றன. நூலின்படி செக்மெத் என்பது ஹாத்தோர் கொலைவெறியில் எட்டும் நிலை.

ராவுக்கு இப்போது மனம் மாறிவிட்டது. மீதி மனிதரைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் தன் கண்ணைத் தானே தடுக்க முடியாது. தடுத்துப்பார்க்க முயற்சிகூட நடக்கவில்லை. வேகமாக ஓடும் தூதர்களை எலிஃபண்டைன் தீவுக்கு அனுப்பி ‘தீதி’ என்ற பொருளை நிறையக் கொண்டுவரச் சொல்கிறான். சூரியக் கோயில் நகரான ஹெலியோபொலிஸின் தலைமைப் பூசாரி அதை அரைக்கிறார். பணிப்பெண்கள் பீருக்காக வாற்கோதுமையை இடிக்கிறார்கள். அரைத்த தீதி கலந்ததும் பீர் மனித ரத்தம் போலாகிறது. மொத்தம் 7,000 சாடி. விடியுமுன் அதைக் கொட்டுகிறார்கள். வயல்கள் மூன்று உள்ளங்கை உயரத்துக்கு மூழ்குகின்றன. காலையில் வந்த தெய்வம் நிறைந்து கிடந்ததைப் பார்க்கிறாள், அதில் தன் முகம் அழகாகத் தெரிகிறது, குடிக்கிறாள், அவளுக்கு ருசிக்கிறது. போதையில் திரும்பிப் போகிறாள். மனிதர்களை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

தீதி என்பது என்ன? மாதுளைச் சாறு என்று பல மறுகூறல்கள் எழுதுகின்றன, நூலில் மாதுளையே கிடையாது. தீதியை அரைக்கிறார்கள், அது எலிஃபண்டைனிலிருந்து வருகிறது. இரும்புத் தாது நிறைந்த அஸ்வான் வட்டாரம் அது. ஆகவே சிவப்புக் காவி அல்லது ஹெமடைட் என்றே இன்று பலரும் கொள்கிறார்கள். முன்பு ஒரு மயக்கமூட்டும் செடியின் கிழங்கு என்று சொல்லப்பட்டதுண்டு. கதையின் போக்கில் அது தேவையே இல்லை: மயக்குவது பீர், ஏமாற்றுவது நிறம்.

அளவுகளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளங்கை என்பது எகிப்திய நீள அலகு, சுமார் 7.5 சென்டிமீட்டர். மூன்று என்றால் 22 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். சாடிகள் பல அளவில் இருந்தன. ஒன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 21,000 லிட்டர். இதைச் செய்ய அன்றைய எகிப்தால் முடிந்திருக்குமா? முடிந்திருக்கும். 2021இல் அபிதோஸில் அறிவிக்கப்பட்ட மதுவடிப்பிடம் கி.மு. 3000 வாக்கைச் சேர்ந்தது. எட்டுப் பகுதிகள், பகுதிக்கு ஏறக்குறைய 40 மண்தொட்டிகள் இரண்டு வரிசையில். ஒரு தடவைக்கு 22,400 லிட்டர் பீர் எடுத்திருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் கணித்தார்கள். ஆனால் அவ்வளவு பீரையும் 22 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிறுத்தினால் நனைவது ஏறத்தாழ 1,000 சதுர அடி, ஒரு நடுத்தர அடுக்குமாடி வீட்டின் பரப்பு. வயல்களை மூழ்கடிக்க அது காணாது. ஆக 7,000 என்பது கிடங்குக் கணக்கு அல்ல. ஏழு எகிப்தில் மந்திர எண், மூன்று உள்ளங்கை நீர் வெள்ளத்தின் சாயல். கதை சொன்னவர் நைல் நீரை மனத்தில் வைத்துத்தான் பீரைக் கொட்டியிருக்கிறார்.

பீர் தயாரித்த முறையையும் இங்கே சொல்லிவிடலாம். அரைவேக்காட்டு ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டார்கள் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. பானைகளில் ஒட்டியிருந்த மாவுத்துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஆய்வாளர் டெல்வென் சாமுவேல் 1996இல் வெளியிட்ட முடிவு வேறு படத்தைக் காட்டியது. தானியத்தை இரண்டு பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கை முளைகட்டிச் சூடாக்காமல் வைப்பது, மற்றதைச் சூடாக்கி வேகவைப்பது. இரண்டையும் தண்ணீரில் கலந்தால் முளைத் தானியத்தின் நொதி வெந்த மாவைச் சர்க்கரையாக்கும். பிறகு உமியைச் சலித்து எடுத்துவிட்டுப் புளிக்கவைப்பது. கலவை அளவுக்கு மீறிச் சூடானால் நொதி செத்துவிடும், சர்க்கரை இறங்காது, போதையும் ஏறாது.

கதையின் முடிவில் ரா ஓர் ஆணை இடுகிறான். ஆண்டின் பருவ விழாக்களில் இவளுக்கு மதுபானம் செய்து கொடுக்க வேண்டும், அதைப் பணிப்பெண்களிடம் ஒப்படைக்க வேண்டும். ஹாத்தோர் விழாவில் மது வடிப்பது இப்படித்தான் வந்தது என்று நூலே காரணம் சொல்கிறது. பிறகு ரா, மனிதரோடு இருந்து அலுத்துப்போய், பசுவாக மாறிய நூத்தின் முதுகில் ஏறி வானத்துக்குப் போய்விடுகிறான்.

பலர் படிக்காமல் விடும் இடம் ஒன்று நூலின் பிற்பகுதியில் இருக்கிறது. இதை ஓதுகிறவன் செய்ய வேண்டியவை: எண்ணெயும் வாசனைத் தைலமும் பூசிக்கொள்ள வேண்டும், கையில் தூபம் வேண்டும், காதுக்கும் வாய்க்கும் நேட்ரான் உப்பு, வெள்ளநீரில் குளியல், புதுச் சணல்துணி உடை, வெள்ளைச் செருப்பு, நாக்கின் மேல் எழுத்தர் மையால் உண்மையின் தெய்வமான மாஅத்தின் உருவம். அதற்கு முன் ஒன்பது நாள் தூய்மை காக்க வேண்டும். இது கேட்டு மகிழும் கதையாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீட்டில் செய்தது

அரசனுக்கு நூற்றுக்கணக்கில் சிலை. சாதாரண மனிதனுக்கு ஒரு கந்தைத்துணி. அமென்ஹோதெப்பின் வம்சமான 18ஆம் வம்சக் காலத்துப் பாப்பிரஸ் (நாணல்தாள்) சுவடி ஒன்று, ‘ஆண்டின் கடைசி நாளின் நூல்’, நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது சொல்லும் முறை: மெல்லிய சணல்துணித் துண்டில் மந்திரத்தில் பெயர் சொல்லப்பட்ட தெய்வங்களை வரைந்துகொள்ள வேண்டும். அவற்றுக்கு ரொட்டியும் பீரும் படைத்துத் தூபம் காட்ட வேண்டும். துணியில் பன்னிரண்டு முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு அந்த நாட்களைக் கடக்க வேண்டும். மந்திரம் கூப்பிடுவது யாரை என்று பாருங்கள்: செக்மெத்தின் கொலையாளிகளையே, வணக்கம் சொல்லி! அவர்களை விரட்ட வேறு பெரிய தெய்வத்தை அழைக்கவில்லை. அவர்களுக்கே படையல் போட்டு, பேர் சொல்லிக் கும்பிட்டு, என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறது.

எட்வின் ஸ்மித் பாப்பிரஸைக் காயச் சிகிச்சை நூல் என்றே மருத்துவ மாணவர்கள் அறிவார்கள். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது, 1862இல் லக்ஸரில் விலைக்கு வாங்கப்பட்டது. முன்பக்கத்தில் 48 காயங்களை, தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி, நிதானமாக ஆராய்கிறது. அதைத் திருப்பினால் பின்பக்கத்தில் ஆண்டின் கொள்ளைநோய்க்கு எதிரான எட்டு மந்திரங்கள். ஒன்றில் வீட்டுக்காரன் கையில் ஒரு குறிப்பிட்ட மரத்தின் கோலோடு வெளியே வந்து மந்திரம் சொல்லியபடி வீட்டைச் சுற்றிவர வேண்டும். அப்படிச் செய்தவன் அந்த ஆண்டின் நோயால் சாகமாட்டான். இன்னொன்றில் இரண்டு கழுகிறகுகளால் தன்னை மூடிக்கொண்டு ஓத வேண்டும். பகுத்தறிவு முன்பக்கத்தில், மூடநம்பிக்கை பின்பக்கத்தில் என்று பிரித்துப் பேசுவதுண்டு. அந்தப் பிரிப்பு நம்முடையது. உடைந்த எலும்பு எப்படி உடைந்தது என்று கண்ணுக்குத் தெரியும், ஆகவே கையால் சரிசெய்தார்கள். ஒரே வாரத்தில் தெருவையே சாய்க்கும் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, ஆகவே அனுப்பியவளிடம் பேசினார்கள்.

இந்த நாட்காட்டியில் சிக்கல் ஒன்று இருந்தது. 365 நாள் ஆண்டு உண்மையான ஆண்டைவிடக் கால்நாள் குறைவு. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள், 120 ஆண்டுக்கு ஒரு மாதம் என்று நாட்காட்டி பருவத்தைவிட்டு விலகியது. ஒரு முழுச் சுற்று வர 1,460 ஆண்டுகள் ஆகும். கி.பி. 139இல் ஆண்டுப்பிறப்பும் சிரியஸ் உதயமும் ஒன்றாக வந்ததை ரோமானிய எழுத்தாளர் சென்சோரினஸ் குறித்திருக்கிறார். பின்னோக்கி எண்ணினால் கி.மு. 1320 வாக்கில் அவை முந்தைய தடவை சந்தித்திருக்க வேண்டும். அமென்ஹோதெப்பின் ஆட்சி அதற்குச் சில பத்தாண்டுகள்தான் முன்பு. அதாவது ஆபத்தான ஐந்து நாட்கள் ஓரிரு வார வித்தியாசத்தில் உண்மையான கோடை முடிவிலேயே விழுந்த காலம் அது. எட்ஃபு கோயிலுக்குக் கி.மு. 237இல் அடிக்கல் நாட்டியபோதோ ஆண்டுப்பிறப்பு அக்டோபருக்குப் போய்விட்டிருந்தது. முந்தைய ஆண்டில்தான் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்ச அரசன் மூன்றாம் தாலமி நான்காண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாள் ஒன்றைச் சேர்க்க ஆணையிட்டிருந்தான். யாரும் பின்பற்றவில்லை. அகஸ்டஸ் காலத்தில்தான் அந்தத் திருத்தம் நிலைத்தது. வெள்ளம் எப்போது வந்தாலும் அச்சம் நாட்காட்டியின் ஐந்து நாட்களோடேயே நகர்ந்துகொண்டிருந்தது. சடங்கு ஒருமுறை தேதியைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது.

கோயிலில் செய்தது

செக்மெத்தின் பழைய இருப்பிடம் மெம்பிஸ். அங்கே அவள் படைப்புத் தெய்வமான ப்தாவின் துணைவி, நெஃபர்தும் அவர்களின் மகன். அபுசீரில் ஐந்தாம் வம்ச அரசன் சாஹூரேயின் பிரமிடுக் கோயிலில், அவன் இறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 18ஆம் வம்சக் காலத்தில், ‘சாஹூரேயின் செக்மெத்’ என்ற பெயரில் புதிய வழிபாடு முளைத்தது. பாழடைந்த கோயிலின் ஒரு மூலை மக்கள் நேர்ந்துகொள்ளும் இடமாயிற்று.

தெற்கே தீப்ஸில் (இன்றைய லக்ஸர்) அவள் அந்நகரின் தாய்த்தெய்வமான முத்தோடு கலந்தாள். கார்னாக்கின் தென்புறமுள்ள முத் கோயிலை மூன்று பக்கமும் லாடம் போல வளைந்து சூழ்கிறது ஒரு குளம். இஷெரு என்று பெயர். இத்தகைய குளம் சிங்கத் தெய்வங்களின் கோயில்களுக்கே உரியது: எரியும் உடலோடு வருபவளைத் தண்ணீர் வளைத்துக் குளிர்விக்கிறது. இங்கே 1895 முதல் 1897 வரை அகழ்ந்தவர்கள் மார்கரெட் பென்சனும் ஜேனட் கூர்லேயும். எகிப்தில் தம் பெயரிலேயே அகழாய்வு அனுமதி பெற்ற முதல் பெண் பென்சன். மண்ணுக்குள்ளிருந்து செக்மெத்துகள் வந்தபடி இருந்தார்கள்.

அன்றாடப் பூசையில் கருவி சிஸ்ட்ரம்: கைப்பிடியின் மேல் வளையம், வளையத்தில் குறுக்குக் கம்பிகள், ஆட்டினால் சலசலக்கும். கூடவே மெனத் என்ற கனத்த மணிமாலை. அதைக் கழுத்தில் அணிவதைவிடக் கையில் பிடித்துக் குலுக்குவதே வழக்கம். ஹாத்தோருக்குப் பிரியமான இந்தச் சத்தம் செக்மெத்தை ஹாத்தோராக்கும் என்பது நம்பிக்கை. எட்ஃபு, தெந்தேரா, ஃபிலே சுவர்களில் அரசன் அவளுக்கு மெனு என்னும் மதுச் சாடியை நீட்டும் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

எல்லாவற்றுக்கும் உச்சம் குடிமயக்க விழா. தெந்தேரா நாட்காட்டியின்படி வெள்ளக்காலத்தின் முதல் மாதம் 20ஆம் நாள், அதாவது ஆண்டு பிறந்து மூன்று வாரத்துக்குள். முத் கோயிலில் 2001 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு பெட்சி பிரையன் தலைமையில் அகழ்ந்தபோது, பெண் அரசர் ஹத்ஷெப்சுத் கட்டிய ஒரு மண்டபத்தின் தூண்கள் பிற்காலக் கட்டுமானத்துக்குள் புதைந்து கிடந்தன. கல்வெட்டு அதைக் குடிமயக்க மண்டபம் என்கிறது. பிரையன் பாடல்களையும் கல்வெட்டுகளையும் இணைத்துத் தரும் படம் இது: மக்கள் இரவில் கூடி நினைவிழக்கும் அளவுக்குப் பீர் குடிப்பார்கள். அங்கேயே விழுந்து தூங்குவார்கள். விடியலில் மேளச்சத்தம் அவர்களை எழுப்பும். தெளிந்தும் தெளியாத அந்தக் கணத்தில் தெய்வத்தைக் காண வேண்டும். அளவாகக் குடித்தால் சடங்கு பலிக்காது, ஏனென்றால் கதையில் அவளும் அளவாகக் குடிக்கவில்லை. கேளிக்கை என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவள் மனிதரை அடையாளம் தெரியாமல் விட்டுப்போன அந்தக் காலையை மனிதர்கள் தம் உடம்பிலேயே நடத்திக் காட்டினார்கள்.

சீற்றம் தணிந்த வடிவுக்கும் ஒரு பெயர் உண்டு. கோபித்துக்கொண்டு நூபியாவுக்குப் போய்விடும் சூரியக்கண்ணை அறிவுத் தெய்வமான தோத்தும் ஷூவும் நயந்து அழைத்துவரும் இன்னொரு கதையில், எகிப்து எல்லையில் நீராடியதும் அவள் சாந்தமாகிறாள். சினந்தால் செக்மெத், மகிழ்ந்தால் பாஸ்தெத் (பூனைமுகத் தெய்வம்) என்று ஃபிலே கல்வெட்டு ஹாத்தோரைப் பற்றிச் சொல்கிறது. செக்மெத்தும் பாஸ்தெத்தும் அக்காள் தங்கை என்று எழுதுவது எகிப்தியருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும்.

நாடி பார்த்த பூசாரிகள்

நோயை அனுப்புபவளின் பூசாரிக்கு நோயை நிறுத்தும் வழியும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? செக்மெத்தின் தூய்மைப் பூசாரிகளை மருத்துவ நூல்கள் மருத்துவரோடு சேர்த்தே பேசுகின்றன. கி.மு. 1550 வாக்கிலான ஈபர்ஸ் பாப்பிரஸின் இதயம் பற்றிய பகுதியில் ஓர் இடம்: எந்த மருத்துவனானாலும், எந்தச் செக்மெத் பூசாரியானாலும், எந்த மந்திரக்காரனானாலும், தலை, பின்தலை, கைகள், நெஞ்சு, கால்கள் என்று விரலை எங்கே வைத்தாலும் அவன் உணர்வது இதயத்தைத்தான், ஏனெனில் அதன் நாளங்கள் எல்லா உறுப்புக்கும் போகின்றன. நாடியைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. மூன்று தொழில்களும் ஒரே வரியில் நிற்கின்றன, யாரும் மற்றவருக்குத் தாழ்ந்தவரில்லை. பலியிடும் மாட்டைச் சோதிப்பதும் இந்தப் பூசாரிகளின் வேலைகளில் ஒன்று. சக்காராவின் பழைய கல்லறைச் சுவர்களில், அறுத்த மாட்டின் ரத்தம் தோய்ந்த கையை முகர்ந்து பார்த்து இது தூயது என்று சொல்பவரைச் செதுக்கியிருக்கிறார்கள்.

சிலை முன் நிற்கும்போது

மறுபடி அந்தக் கருங்கல் சிலைகளுக்கு வருவோம். கல்லின் சரியான பெயர் கிரானோடயோரைட். அஸ்வானில் வெட்டியது. செம்பு உளி இதில் ஏறாது. இன்னும் கடினமான டோலரைட் கல்லுருண்டைகளால் இடித்து இடித்துத்தான் உருவம் எடுக்க வேண்டும், பிறகு மணலால் தேய்த்து மெருகு. உட்கார்ந்த சிலைகள் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். அவற்றில் ஒரு கை மடிமேல் விரிந்திருக்கும், மற்றது உயிரின் குறியான அங்க்கைப் பிடித்திருக்கும். நின்ற சிலைகளில் முன்கையில் பாப்பிரஸ் தண்டுக் கோல். சிங்க முகத்திலிருந்து பெண் உடலுக்கு மாறும் இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. முகத்தைச் சுற்றிய பிடரியின் கோடுகளை அப்படியே பொய்முடியின் கோடுகளாக இறக்கிக் கழுத்தை மறைத்துவிட்டார் சிற்பி.

தலைமேலுள்ள சூரிய வட்டு பல சிலைகளில் உடைந்துபோயிருக்கும், சிலவற்றில் இருப்பது பின்னாளில் பொருத்தியது. லக்ஸரில் நைலின் மேற்குக் கரையில், மெம்னோன் பேருருவங்கள் என்ற இரண்டு மாபெரும் சிலைகளுக்குப் பின்னால் பரந்து கிடந்த அமென்ஹோதெப்பின் நினைவுக் கோயில் நிலநடுக்கத்தில் சரிந்து, பிறகு நூற்றாண்டுக்கணக்கில் வெள்ளச் சேற்றுக்குள் கிடந்தது. 1998 முதல் ஹூரிக் சூருசியான் தலைமையிலான குழு அங்கிருந்து சிலைகளை மீட்டுவருகிறது. எடுத்த கையோடு காயவிட முடியாது. நிலத்தடி நீர் கல்லுக்குள் ஏற்றிய உப்பு, நீர் வற்றும்போது மேற்பரப்பில் படிகமாகித் தோலை உரிக்கும். நன்னீரால் உப்பை மெதுவாக வெளியே இழுத்த பிறகுதான் மற்ற வேலை.

கடைசியாக, பீடத்தின் முன்பக்கம் கால்களின் இருபுறமும் ஓடும் எழுத்துகளைத் தவறவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் அரசனின் பெயரை அடைத்த நீள்வட்டமான பெயர்வளையம், அதன் கீழே இன்ன செக்மெத்தால் நேசிக்கப்பட்டவன் என்ற வரி. நாமாவளியில் அந்தச் சிலைக்குரிய பெயர் அங்கேதான் இருக்கிறது. பெயர்வளையத்தில் அமென்ஹோதெப்புக்குப் பதில் முதலாம் ஷேஷோங்க் இருந்தால் குழம்ப வேண்டாம். நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த 22ஆம் வம்சத்து அரசன் அவன். முத் கோயிலில் நின்ற சில சிலைகளில் தன் பெயரைப் பொறித்துக்கொண்டான். புதிதாக ஒன்று செதுக்குவதைவிட அது மலிவு.